அரிசிப் புத்தகம்: வியட்நாமில் கம்யூனிசப் பொருளாதாரம் எப்படி நடந்தது?

சைகோன்வாசி
திங்கள், இரவு 9:12

கம்யூனிசம் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் இரண்டே சுற்றில் ஸ்டாலினா, ஏகாதிபத்தியமா என்று முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. கடையில் சாமான் எப்படிக் கிடைத்தது, வயலில் கூலியை எப்படிக் கணக்கிட்டார்கள், நெல்லுக்கு விலை வைத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டும். கொஞ்சம் தெரிந்தும் வைத்திருக்கிறேன். அதனால் இந்த இழை.

நான் ஒன்பது வருடமாக ஹோ சி மின் நகரில், அதாவது பழைய சைகோனில், வேலை பார்க்கிறேன். வீட்டுக்கார அம்மா ஹனோயில் பிறந்து வளர்ந்தவர், எழுபதை நெருங்குகிறார். ஒரு நாள் பேச்சுவாக்கில் உள்ளே போய் ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து வந்தார். உள்ளங்கை அளவு, பழுப்புக் காகிதம், ஓரமெல்லாம் நைந்திருந்தது. பக்கத்துக்குப் பக்கம் மாதம், கிலோ, கடைக்காரரின் முத்திரை. அரிசிப் புத்தகம் என்று பெயர். நம் பழைய ரேஷன் அட்டை போலத்தான். ஆனால் ஒரு வித்தியாசம்: நமக்கு ரேஷன் கடை இல்லாவிட்டால் வெளிக்கடை உண்டு. அவர்களுக்கு அந்தப் புத்தகம்தான் சோறு. அலுவலக ஊழியருக்கு மாதம் 13 கிலோ, கடின உழைப்பாளிக்கு அதைவிடக் கூடுதல். 13 கிலோவும் முழுக்க அரிசியாக வராது. மரவள்ளி, கோதுமை மாவு, உதவியாக வந்த சோளம் என்று கலந்து வரும். அந்தச் சோளத்தை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் பல்லில் நிற்கும் என்று சொல்லிக்கொண்டே அம்மா கன்னத்தைத் தடவிக்காட்டினார்.

முகம் செத்துப்போய் வருகிறவரைப் பார்த்து "அரிசிப் புத்தகத்தைத் தொலைத்தவர் மாதிரி இருக்கிறீர்களே" என்று இன்றைக்கும் வியட்நாமியர் சொல்வார்கள். இருபது வயதுப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள்.

கடை திறப்பது காலையில். வரிசை தொடங்குவது விடியுமுன்னே. வேலைக்கும் போக வேண்டும் என்பதால் ஆளுக்கு ஒரு செங்கல்லை வரிசையில் வைத்துவிட்டுப் போவார்கள். செங்கல்லில் பெயர் எழுதியிருக்கும். சில நாள் திரும்பி வந்தால் கல்லைக் காணாது.

அந்தக் காலத்துக்கு வியட்நாமிய மொழியில் "பாவ் காப்" என்று பெயர், அரசே எல்லாவற்றையும் ஏற்று வழங்கிய காலம். கம்யூனிஸ்ட் கட்சி ஆண்ட வடக்கில் முன்பே இருந்தது. நாடு ஒன்றான பிறகு 1976 முதல் 1986 வரை முழுநாட்டுக்கும். கணக்கு எளிது. விவசாயியிடம் அரசு குறைந்த விலைக்கு நெல் வாங்கும். ஊழியருக்குக் குறைந்த விலைக்குக் கொடுக்கும். சாமான் மலிவு என்பதால் சம்பளமும் குறைவாக இருக்கும். யாரும் யாரையும் சுரண்டவில்லை, யாரும் பட்டினி கிடக்கவில்லை என்பதுதான் எண்ணம். அந்த எண்ணத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அது எந்த இடத்தில் அறுந்தது என்று பார்க்காமல் அதைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

கணக்குவாத்தியார்
திங்கள், இரவு 10:05

நல்ல தொடக்கம் நண்பரே. முதலில் ஒரு சொல் விளக்கம், இல்லாவிட்டால் பின்னால் குழம்பும்.

எந்த நாடும் தன்னிடம் கம்யூனிசம் வந்துவிட்டது என்று சொன்னதில்லை. ஆண்ட கட்சி கம்யூனிஸ்ட் கட்சி. பொருளாதாரத்தை அவர்கள் சோசலிசம் என்றார்கள். உழைப்புக்கேற்ற ஊதியம் என்பது அந்தக் கட்டம், தேவைக்கேற்ற பங்கு என்பது அடுத்த கட்டம். இந்தப் பிரிவினையை 1875-லேயே மார்க்ஸ் எழுதிவைத்தார். சோவியத் தலைவர் குருஷ்சேவ் 1961-ல் கட்சி மாநாட்டில், 1980-க்குள் கம்யூனிசத்தின் அடித்தளத்தைக் கட்டி முடிப்போம் என்று அறிவித்தார். 1980-ல் மாஸ்கோவில் இறைச்சிக்கு வரிசை நின்றது.

வரிசை ஏன் வந்தது என்பதற்கு ஒரு சோவியத் சம்பவம் போதும். 1962 ஜூன் 1 அன்று இறைச்சி விலையை ஏறக்குறைய 30 சதவீதமும் வெண்ணெய் விலையை 25 சதவீதமும் ஏற்றினார்கள். காரணம் நியாயமானது: கூட்டுப்பண்ணைக்கு அடக்க விலைகூடக் கட்டவில்லை. அதே நாளில் நோவோசெர்காஸ்க் ரயில் எஞ்சின் ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். மறுநாள் படை சுட்டதில் 26 பேர் இறந்தார்கள். தொழிலாளர் அரசு தொழிலாளரைச் சுட்டது. செய்தியையே வெளியே விடாமல் அமுக்கினார்கள். அதன் பிறகு இறைச்சி விலையைத் தொட யாருக்கும் துணிவு வரவில்லை. மக்கள் கையில் பணம் கூடிக்கொண்டே போனது, விலை நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு பொருளை யாருக்குக் கொடுப்பது என்பதைத் தீர்மானித்தது வரிசைதான்.

ஆலைப் பக்கமும் இதே கதை. 1959-ல் குருஷ்சேவே குறைப்பட்டுக்கொண்டார்: சரவிளக்கு ஆலைக்கு இலக்கை டன் கணக்கில் வைத்ததால் விளக்குகள் கனமாகிக்கொண்டே போகின்றன என்று. அந்த மேலாளர் முட்டாள் இல்லை. மாஸ்கோ கேட்டது எடை, அவர் கொடுத்ததும் எடை. வீட்டில் அதை மாட்டப்போகிறவரின் குரல் அவர் காதுக்கு வர வழியே இல்லை.

செங்காந்தள்
செவ்வாய், காலை 7:40

தோழர்களே, நான் மறுத்துப் பேசப்போகிறேன், ஆனால் கோபமில்லை.

வியட்நாமைப் பற்றிப் பேசும்போது 1945-ல் இருந்து தொடங்குங்கள். பிரெஞ்சுக்காரரும் ஜப்பானியரும் நெல்லைப் பிடுங்கிக்கொண்டுபோன அந்தப் பஞ்சத்தில் வடக்கில் இறந்தவர்கள் 4 லட்சம் முதல் 20 லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். அரிசியைப் பங்கிட்டுத்தான் தீர வேண்டும் என்ற எண்ணம் புத்தகத்திலிருந்து வந்ததில்லை, அந்தப் பிணங்களிலிருந்து வந்தது. அப்புறம் முப்பது வருடப் போர். இரண்டாம் உலகப் போர் முழுவதிலும் விழுந்ததைவிட அதிகக் குண்டு இந்தோசீனாவில் விழுந்தது. 1978-ல் சீனா உதவியை நிறுத்தியது, 1979-ல் எல்லையைத் தாண்டி வந்து அடித்தது. அமெரிக்கத் தடை 1994 வரைக்கும் நீங்கவில்லை. இத்தனைக்கும் நடுவில் அந்த நாடு கிராமந்தோறும் சுகாதார நிலையம் வைத்து, எண்பது சதவீதத்துக்கு மேல் எழுத்தறிவைக் கொண்டுவந்தது. வேறெந்த ஏழை நாடு செய்தது?

போர்க்காலத்தில் ரேஷன் பிரிட்டனிலும் இருந்தது. அதற்காக பிரிட்டனின் பொருளாதார அமைப்பே தோற்றது என்று யாரும் சொல்வதில்லை.

சைகோன்வாசி
செவ்வாய், இரவு 8:30

செங்காந்தள் தோழர், 1945 பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். வீட்டுக்கார அம்மாவின் தாத்தா அந்தப் பஞ்சத்தில்தான் போனார். போரும் தடையும் கழுத்தை நெரித்தன என்பதிலும் சந்தேகமில்லை.

ஆனால் போரை மட்டும் காரணம் காட்ட முடியாது. அதே போர், அதே மண், அதே மழை இருக்கும்போதே ஒரு மாகாணத்தில் கணக்கை மாற்றிப் பார்த்தார்கள், விளைச்சல் ஏறியது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

வடக்கில் 1958-லிருந்து நிலத்தைக் கூட்டுறவில் சேர்த்தார்கள். 1960 முடிவதற்குள் பத்துக் குடும்பத்தில் எட்டுக்கு மேல் உள்ளே வந்துவிட்டன. கூலி பணமாக இல்லை, புள்ளியாக. ஒரு முழு நாள் வேலைக்குப் பத்துப் புள்ளி. அறுப்பு முடிந்து அரசுக்கு அளக்க வேண்டியதை அளந்து, விதைநெல் எடுத்து, நிர்வாகத்துக்கு ஒதுக்கி, மிச்சத்தைப் புள்ளியால் வகுப்பார்கள். உழவுக்குப் பரப்பு பார்த்துப் புள்ளி போட்டால் ஏர் மேலாக ஓடும். நடவுக்கு ஆள் கணக்கில் புள்ளி போட்டால் பாட்டும் பேச்சுமாகப் பொழுது போகும். களைக்குள்ளே நெல்லைத் தேட வேண்டியிருந்தாலும் யாருக்கும் உறைக்காது. பொது அப்பன் செத்தால் அழ ஆளில்லை என்று வியட்நாமியப் பழமொழி ஒன்று உண்டு. கூட்டுறவு வயலைக் காட்டி அதைத்தான் சொல்வார்கள்.

இதில் ஒன்றை விட்டுவிடக் கூடாது. நிலத்தில் 5 சதவீதத்தைக் குடும்பங்களின் சொந்தப் பாட்டுக்கு விட்டிருந்தார்கள். கொல்லையில் காய்கறி, பன்றி, கோழி. குடும்பத்தின் கைச்செலவு பெரும்பாலும் அந்தத் துண்டிலிருந்துதான் வந்தது. பத்துப் புள்ளிக்காகக் காலையில் கூட்டுறவு வயலில் சோர்ந்து நின்ற அதே ஆள், சாயங்காலம் தன் கொல்லைக்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார். மனிதர் சோம்பேறி இல்லை. புள்ளிக்கணக்கு அவரைச் சோம்பேறி ஆக்கியது.

இதைக் கண்ணால் பார்த்தவர் கிம் நொக், வின் ஃபுக் மாகாணக் கட்சிச் செயலாளர். 1966-ல், அமெரிக்கக் குண்டு விழுந்துகொண்டிருந்தபோதே, வயலைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, "இவ்வளவு அளந்துவிடு, மிச்சம் உன்னுடையது" என்ற முறையை மாகாணம் முழுவதும் கொண்டுவந்தார். விளைச்சல் கூடியது. அதற்குக் கிடைத்த பரிசு? 1968-ல் கட்சியின் மூத்த தலைவர் ட்ருவோங் சின் நேரில் வந்து இது தனியுடைமைக்குத் திரும்பும் வழி என்று கண்டித்தார். கிம் நொக் தன்மேல் குற்றம் சாற்றித் தானே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. முறையை நிறுத்தினார்கள். 1979-ல் அவர் இறந்தார்.

அவர் இறந்து இரண்டு வருடத்துக்குள், 1981 ஜனவரியில், கட்சியின் 100-ஆம் ஆணை அவர் செய்ததில் பாதியை நாடு முழுவதும் அனுமதித்தது. 1986-ல் கட்சியைச் சீர்திருத்தத்துக்குத் திருப்பிய பொதுச்செயலாளர் யார் தெரியுமா? அதே ட்ருவோங் சின். எழுபத்தொன்பது வயதில் தன் முடிவையே புரட்டினார். அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் நடுவில் போன அந்தப் பதினெட்டு வருடத்தை நினைத்தால் மனது ஆறவில்லை.

மேகலை
செவ்வாய், இரவு 9:55

ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன். வரிசையில் நின்றது யார்?

சோவியத்தைப் பற்றிப் படித்தபோதும் இது என்னை உறுத்தியது. ஆலையில் எட்டு மணி நேரம் ஆணுக்குச் சமமாக வேலை. அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. வெளியே வந்தால் ரொட்டிக்கு ஒரு வரிசை, பாலுக்கு ஒரு வரிசை, அப்புறம் சமையல். விலை மலிவு என்று எழுதுகிற கணக்கில் அந்தப் பெண்களின் நேரம் எந்தப் பத்தியிலும் இல்லை. சந்தையில் விலை கொடுப்பதற்குப் பதிலாக இங்கே காலால் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. எல்லோருக்கும் ஒரே கடையா?

சைகோன்வாசி
செவ்வாய், இரவு 10:40

மேகலை, செங்கல் வைத்தது வீட்டுக்கார அம்மாவும் அவர் அக்காவும்தான். பள்ளிக்கூடம் போகுமுன் இரண்டு பேரும் முறை வைத்துக்கொள்வார்கள். அண்ணன் ஒருவர் இருந்தார், அவரை யாரும் அனுப்பவில்லை.

ஒரே கடை இல்லை. ஹனோயில் டோன் டான் தெருக் கடை உயர்ந்த பதவியில் இருந்தவர்களுக்கு, வான் ஹோ கடை அடுத்த படியில் இருந்தவர்களுக்கு, மற்றவர்களுக்குப் பேட்டைக் கடை. இறைச்சிச் சீட்டிலும் எழுத்து வாரியாகத் தரம் பிரித்திருந்தார்கள். டோன் டானை அரசர் சந்தை என்றும், நடைபாதையை வீர மக்களின் சந்தை என்றும் வைத்து ஊரில் ஒரு பாட்டே புழங்கியது. பசியைவிட இதுதான் அம்மாவுக்கு இன்னும் வலிக்கிறது. "எல்லோருக்கும் இல்லை என்றால் பொறுத்திருப்போம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

கணக்குவாத்தியார்
புதன், காலை 6:50

கிம் நொக் கதைக்கு ஒரு சீன ஜோடி உண்டு. அன்ஹுய் மாகாணம், ஷியாவோகாங் கிராமம், 1978 கடைசி. பதினெட்டு விவசாயிகள் ஒரு குடிசையில் ரகசியமாகக் கூடி நிலத்தை வீடுவாரியாகப் பிரித்துக்கொண்டு, சிவப்பு மையில் கைநாட்டு வைத்தார்கள். மாட்டிக்கொண்டு யாராவது சிறைக்குப் போனால் அவர் பிள்ளைகளை மற்றவர்கள் பதினெட்டு வயது வரை வளர்ப்பது என்றும் அதில் எழுதினார்கள். ஒரே மூச்சில் தொழில் நாடாகிவிடலாம் என்று மாவோ நடத்திய 'பெரும் பாய்ச்சல்' காலப் பஞ்சத்தில், 1959 முதல் 1961 வரை, மிகவும் அடிபட்ட மாகாணங்களில் அன்ஹுய் ஒன்று. நாடு முழுவதும் இறந்தவர்கள் கோடிக்கணக்கில். அதைப் பார்த்தவர்கள்தான் கைநாட்டு வைத்தார்கள்.

அங்கே மாகாணத் தலைமை கண்டும் காணாமல் விட்டது, சில வருடத்தில் நாடு முழுக்கப் பரவியது. வின் ஃபுக்கில் மேலிடம் நிறுத்தியது.

செங்காந்தள்
புதன், பகல் 1:15

கிம் நொக் பற்றி எனக்குத் தெரியாது. நேற்று இரவு முழுக்கத் தேடிப் படித்தேன். அந்த இடத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன், தோழர். வயலில் நிற்கிற கட்சிக்காரன் சொல்வதை மேலே இருக்கிற கட்சி கேட்காவிட்டால் அதற்குத் திட்டமிடல் என்று பெயர் வைக்க முடியாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவரும் கம்யூனிஸ்ட்தான். கூட்டுறவுக்கு வெளியே இருந்து வந்து எதிர்த்தவர் இல்லை. அப்படியிருக்க அதே கட்சிக்குள்ளிருந்து வந்த திருத்தத்தை முதலாளித்துவத்தின் வெற்றி என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 1979-க்குப் பிறகு தெற்கில் நடந்ததையும் எழுதுங்கள், அங்கேயும் கட்சிக்காரர்கள்தானே முன்னால் நின்றார்கள்?

சைகோன்வாசி
புதன், இரவு 9:20

ஆமாம் தோழர், அதற்குத்தான் வரப்போகிறேன்.

தெற்கில் 1978 மார்ச்சில் தனியார் வியாபாரத்தை ஒரே மூச்சில் மூடினார்கள். ஹோ சி மின் நகரில் சரக்கை முத்திரையிட்டு எடுத்துக்கொண்டார்கள். அடி பெரும்பாலும் சீன வம்சாவளி வணிகர்கள் மேல் விழுந்தது. படகேறியவர்களில் அவர்கள் நிறையப் பேர். 1975-லிருந்து இருபது வருடத்தில் கடல் வழியாக உயிரோடு கரை சேர்ந்தவர்கள் மட்டும் ஏறக்குறைய 8 லட்சம். சேராதவர்களுக்குக் கணக்கில்லை. இதைச் சொல்லாமல் தாண்டுவது நேர்மையாக இருக்காது.

அப்போதுதான் அபத்தமான ஒன்று நடந்தது. மேகோங் டெல்டா, ஆசியாவின் பெரிய நெற்களஞ்சியங்களில் ஒன்று. அங்கிருந்து சில மணி நேர ஓட்டத்தில் இருக்கும் நகரத்தில் ரேஷனுக்கு அரிசி இல்லை! விவசாயியிடம் அரசு கொடுத்த விலை சந்தை விலையில் சிறு பங்குதான். அவர் விற்கவில்லை; பன்றிக்குப் போட்டார், சாராயம் காய்ச்சினார், அடுத்த போகத்தில் குறைத்து விதைத்தார். மாகாணத்துக்கு மாகாணம் சோதனைச் சாவடி வேறு. சொந்தக்காரருக்குச் சில கிலோ அரிசி கொண்டுபோனாலே பறித்துக்கொள்வார்கள். ஆற்றை அடைத்துச் சந்தையை மூடிய காலம் என்று இன்றும் சொல்கிறார்கள்.

நகரக் கட்சிச் செயலாளர் வோ வான் கியெட். உணவுத் துறையில் பா தி என்று எல்லோரும் அழைத்த ஒரு அம்மா, பழைய போராளி. பணத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு டெல்டாவுக்குப் போய்ச் சந்தை விலைக்கே நெல் வாங்கி வருவது என்று முடிவெடுத்தார்கள். சட்டப்படி அது குற்றம். நீங்கள் சிறைக்குப் போனால் நான் சோறு கொண்டுவந்து தருகிறேன் என்று கியெட் சொன்னதாகச் சைகோனில் இன்றைக்கும் சொல்வார்கள். நகரத்துக்கு அரிசி வந்தது. வேலி தாண்டுவது என்று இதற்குப் பெயர். பக்கத்து லாங் ஆன் மாகாணத்தில் சீட்டையே ஒழித்து, சந்தை விலைக்கு விற்று, வித்தியாசத்தைச் சம்பளத்தில் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். வடக்கே ஹைஃபோங்கில் சில ஊர்கள் அதற்கு முன்பே திருட்டுத்தனமாக வயலைப் பிரித்திருந்தன.

மேலிடம் கொஞ்சம் விட்டது, திரும்பவும் இழுத்தது. 1985 செப்டம்பரில் விலை, சம்பளம், நாணயம் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினார்கள். அது கைமீறிப் போய் 1986-ல் பணவீக்கம் 700 சதவீதத்தைத் தாண்டியது. சம்பளம் வாங்கிய அன்றைக்கே கையில் கிடைத்ததை வாங்கி அடுக்குவார்கள், பணத்தை வைத்திருப்பதைவிட சோப்புக்கட்டியை வைத்திருப்பது மேல் என்று. அந்த டிசம்பரில்தான் ஆறாவது மாநாடு, டோய் மோய், அதாவது புதுப்பித்தல்.

ஆனால் மாநாட்டுத் தீர்மானத்தால் நெல் விளைந்துவிடவில்லை. 1988 தொடக்கத்தில் வட மாகாணங்களில் லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறில்லை. அந்த ஏப்ரலில் வந்தது பத்தாம் தீர்மானம். நிலம் குடும்பத்தின் கையில், பதினைந்து வருடம் வரை. புள்ளி இல்லை, கட்டாயக் கொள்முதல் இல்லை. 1988-ல் அரிசி இறக்குமதி செய்த நாடு 1989-ல் சுமார் 14 லட்சம் டன் ஏற்றுமதி செய்தது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மெய்சிலிர்க்கும். புது விதை வந்துவிடவில்லை, புது அணை கட்டிவிடவில்லை. அதே வாய்க்கால், அதே கைகள்.

செங்காந்தள்
வியாழன், காலை 8:05

வாய்க்கால் என்று சொன்னீர்கள் பாருங்கள், அந்த வாய்க்காலில் நிறையக் கூட்டுறவுக் காலத்தில் ஆயிரக்கணக்கான பேர் புள்ளிக்காக மண் சுமந்து வெட்டியது. 1989 விளைச்சலில் அதற்கும் பங்கு உண்டு.

அப்புறம் விலையும் இருந்தது. 1989-ல் மருத்துவமனையிலும் பள்ளியிலும் கட்டணம் வந்தது. கூட்டுறவு தாங்கிய கிராமச் சுகாதார நிலையங்கள் ஆட்டம் கண்டன. பிள்ளைகள் படிப்பை நிறுத்தினார்கள். வறுமை 1993-ல் 58 சதவீதமாக இருந்தது 2008-ல் 15-க்கும் கீழே வந்தது என்பது மகத்தானது, நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் சில வருடங்களில் நோய்ப்பட்ட ஏழைக்கு யார் பதில் சொன்னார்கள்?

கணக்குவாத்தியார்
வியாழன், மாலை 5:30

நியாயமான கேள்வி. சோவியத் இடிந்தபோது அங்கே நடந்ததை ஒப்பிட்டால் வியட்நாம் சேதத்தை நிறையக் குறைத்துக்கொண்டது என்று மட்டும் சொல்வேன்.

இப்போது அங்கே இருப்பது கம்யூனிசமா என்று கேட்டு ஒரு நண்பர் தனிமடல் அனுப்பியிருந்தார். நிலம் இன்றும் சட்டப்படி மக்கள் அனைவரின் சொத்து. 1993 சட்டம் கொடுத்தது பயன்படுத்தும் உரிமையைத்தான். அதை விற்கலாம், அடமானம் வைக்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். மின்சாரமும் எண்ணெயும் அரசிடம். ஒரே கட்சி. அதே சமயம் உலகத்தின் செருப்பும் செல்பேசியும் அங்கே தனியார் ஆலைகளில் தயாராகின்றன. அவர்கள் வைத்த பெயர் சோசலிச நோக்குடைய சந்தைப் பொருளாதாரம். விலையைச் சந்தையிடம் விட்டார்கள், அதிகாரத்தை விடவில்லை. என் கருத்தில் கம்யூனிசத்தின் பொருளாதாரப் பகுதி 1989-லேயே முடிந்துவிட்டது.

கடைமடை
வியாழன், இரவு 8:45

ஐயா வணக்கம். எனக்கு அரசியல் அவ்வளவு தெரியாது, மூன்று ஏக்கர் நெல் வைக்கிறேன். முழு இழையும் படித்தேன். ஒரு சந்தேகம்.

பொதுவாகக் கிடந்த வயலைத் திரும்பக் குடும்பத்துக்குக் கொடுத்தபோது எப்படிப் பிரித்தார்கள்? தலைமடையும் கடைமடையும் ஒன்றாகாது. மேட்டு நிலம் ஒருவனுக்கு, பள்ளம் ஒருவனுக்கு என்றால் ஊரில் வெட்டுக்குத்தே வந்திருக்குமே.

சைகோன்வாசி
வியாழன், இரவு 10:10

அண்ணே, இத்தனை பேர் பேசியும் யாரும் கேட்காத கேள்வி இது.

தெற்கே பல இடங்களில் பழைய உடைமைக்காரரே கேட்டு வந்தார், தகராறு நிறைய நடந்தது. வடக்கே செவ்வாற்று டெல்டாவில் தலைக்கு இவ்வளவு என்று அளந்தார்கள். சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக நிலத்தைத் தரம் பிரித்து, நல்லதில் ஒரு துண்டு, நடுத்தரத்தில் ஒரு துண்டு, பள்ளத்தில் ஒரு துண்டு, ஊருக்குப் பக்கத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுத்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஐந்து முதல் பத்துத் துண்டு வரை. நாடு முழுவதும் சுமார் 7 கோடித் துண்டுகள் ஆயின. சில துண்டு நம் வீட்டுக் களம் அளவுகூட இருக்காது.

கடைமடை
வியாழன், இரவு 10:25

அப்படியானால் வரப்புக்கே பாதி நிலம் போயிருக்குமே ஐயா. டிராக்டர் திரும்ப இடம் இருக்காது. நாற்றைத் தூக்கிக்கொண்டு பத்து இடத்துக்கு அலைய வேண்டும்.

சைகோன்வாசி
வியாழன், இரவு 10:50

அதேதான் நடந்தது. பிறகு துண்டுகளை மாற்றிச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அரசு இயக்கமே நடத்தியது, பல ஊரில் இருபது வருடத்துக்கு மேல் இழுத்தது. வீட்டுக்கார அம்மாவின் தம்பி ஹனோய்க்குத் தெற்கே ஆறு துண்டு வைத்திருந்தார், இப்போது இரண்டு. பள்ளத்துத் துண்டை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமே வரவில்லையாம். வெள்ளம் வந்தால் மேடு தப்பும், வறண்டால் பள்ளம் தப்பும், இரண்டும் கையில் இருந்தால்தான் தூக்கம் வரும் என்றாராம். டெட் பண்டிகைக்கு, அதாவது வியட்நாமியப் புத்தாண்டுக்கு, அவர் வருவார். எப்படிச் சம்மதித்தார் என்று கேட்டு எழுதுகிறேன்.